இடியப்பத்தை நம்பிய வைத்தியம்

எங்கள் வைத்தியர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தொலைபேசி எடுத்தார்.

"முடக்குவாதச் சிகிச்சை எப்பிடி வளர்ந்து வந்தது எண்டு எழுதுங்கோ டொக்டர். தங்க ஊசிக் காலத்திலயிருந்து இந்தப் புது ஊசி வரைக்கும் எல்லாத்தையும் கண்டனீங்கள். நாலு பக்கம் காணும். கொஞ்சம் பெருமையாய் எழுதுங்கோ."

பெருமை எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று கேட்டேன். "எல்லாப் பக்கத்திலயும்" என்றார்.

நான் எழுத உட்கார்ந்தபோது பெருமை வரவில்லை. வந்தது சிட்னியில் மெரிலேண்ட்ஸில் இருந்த ஒரு பெண்மணியும், அவர் எனக்குக் கட்டிக் கொடுத்த இடியப்பமும்தான். மலர்க்குழுவினர் பொறுத்துக்கொள்ளட்டும். பிடிக்காவிட்டால் நகைக்கடை விளம்பரம் ஒன்றை இந்தப் பக்கங்களில் போட்டுக்கொள்ளலாம்.

நான் கொழும்பில் படித்து, யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்து, எண்பத்து நாலில் சிட்னிக்கு வந்தவன். இங்கே வந்து, படித்ததையெல்லாம் இன்னொருமுறை படித்தேன். என் மனைவி வேலைக்குப் போனா. நான் முப்பத்தாறு வயதில் மாணவனாக வீட்டில் இருந்து சமைக்கப் பழகினேன். ஒருநாள் இடியப்பம் பிழிய வெளிக்கிட்டு, இரண்டு கைப்பிடியுள்ள அந்த மரவுரலை அமுக்கி அமுக்கித் தோள்மூட்டு கழன்றதுதான் மிச்சம். வேலை முடிந்து வந்த மனைவி தட்டைப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, புழுவோ?" என்று கேட்டா. பிழிகிற கைக்கு எவ்வளவு வலு வேண்டும் என்பது அன்று எனக்கு விளங்கியது. அந்த அறிவுதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

சோதனை தேறி, மேற்குப் புறத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் மூட்டுநோய்ப் பிரிவில் உதவி வைத்தியனாகச் சேர்ந்தேன். பிறகு மெரிலேண்ட்ஸில் சொந்தமாக ஒரு கிளினிக் போட்டபோதும், வியாழக்கிழமைப் பின்னேரங்களில் அந்த ஆஸ்பத்திரி வேலையை நான் விடவில்லை. அதற்குக் காரணம் அங்கிருந்த பெரிய டொக்டர்.

அவர் பெயர் லொக்ஹார்ட். செம்மறி வளர்க்கும் ஊரில் பிறந்த, நெட்டையான, அதிகம் பேசாத பெண்மணி. நோயாளியைக் கூப்பிட அவர் தாதியை அனுப்பமாட்டார். தானே காத்திருப்புக் கூடத்துக்குப் போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அங்கேயே நிற்பார். ஆள் கதிரையை விட்டு எப்படி எழும்புகிறார், கையை ஊன்றுகிறாரா, முதல் இரண்டு அடியை எப்படி வைக்கிறார் என்று பார்ப்பார். பிறகு கைகுலுக்குவார். அது மரியாதைக்கு என்று நான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த ஒரு குலுக்கலில் விரல் அடிமூட்டுகள் வீங்கியிருக்கின்றனவா, சூடாக இருக்கின்றனவா, ஆள் கையைப் பின்னுக்கு இழுக்கிறாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

அறைக்குள் வந்ததும் தன் கைகளைச் சுடுதண்ணீரில் கழுவிச் சூடாக்கிக்கொள்வார். பிறகு ஒவ்வொரு மூட்டாக, பெருவிரலால் அமுக்குவார். எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அமுக்குகிறவரின் நகம் வெளுக்கும் வரை. அதற்கு மேல் இல்லை. "உன் நகத்தைப் பார், நோயாளியின் முகத்தைப் பார். வாயைப் பார்க்காதே" என்பார். அடுத்து, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைச் சுருட்டிக் கொஞ்சம் காற்றடித்து நோயாளியின் கையில் கொடுத்து நசுக்கச் சொல்வார். பாதரசம் எவ்வளவு ஏறுகிறது என்பது கையின் வலு. கடைசியாகத்தான் கேள்வி. "எப்படிச் சுகம்?" என்று அவர் கேட்டு நான் கண்டதில்லை. "காலையில் எழும்பிய பிறகு கை மடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது?" என்றுதான் கேட்பார்.

வைத்தியர் அல்லாதவர்களும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் ஆட்களுக்கு முழங்கால் நொந்தாலும் வாதம்தான், முதுகு பிடித்தாலும் வாதம்தான். வயதாகித் தேய்ந்த மூட்டு, வேலை செய்யச் செய்ய நோகும், பின்னேரத்தில் கூடும். முடக்குவாதம் வேறு. உடம்பின் காவல்காரர்களே ஆள்மாறி மூட்டின் உள்தோலைத் தாக்குகிற நோய் அது. இளம் ஆட்களுக்கும் வரும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். காலையில் கை கட்டைபோல இருக்கும். நேரம் போகப் போக இளகும். வீக்கத்தைப் பேசாமல் விட்டால் அது எலும்பை அரித்துவிடும். அரித்த எலும்பு எந்த மருந்துக்கும் திரும்பி வராது. ஆகவே இந்த நோயில் வைத்தியனின் வேலை நோவைக் குறைப்பது மட்டுமல்ல, முந்திக்கொள்வது.

நான் சேர்ந்த காலத்தில் தங்க ஊசிதான் பெரிய மருந்து. கிழமைக்கு ஒருமுறை, பிட்டத்தில். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் சிறுநீரும் இரத்தமும் பார்க்க வேண்டும். எங்கள் பெண்களுக்கு அதை விளங்கப்படுத்துவது பெரிய பாடு. "தங்கத்தை உள்ளுக்குப் போட்டால் ஆருக்குத் தெரியப்போகுது டொக்டர்? கழுத்தில போடுற மாதிரி ஒண்டும் இல்லையோ?" என்று ஓர் அக்கா கேட்டா. பிறகு மெதோட்ரெக்சேட் வந்தது. கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடவேண்டிய குளிசை. "ஒரு நாள் போட்டு ஆறு நாள் சும்மா இருக்கிற மருந்து என்ன மருந்து?" என்று அதற்கும் குறை. தினமும் போட்டால் ஆபத்து என்று படித்துப் படித்துச் சொல்வேன்.

தமிழ் நோயாளிகள் கூடியபோது லொக்ஹார்ட் அவர்களை என்னிடம் விட்டுவிட்டார். "உனக்கு அவர்களின் பாஷை தெரியும். எனக்கு அவர்களின் புன்னகை மட்டும்தான் தெரியும்" என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

றெஜினா ஆஸ்பத்திரியில் என்னிடம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். மன்னார்க் கரையைச் சேர்ந்தவர், நாற்பது தாண்டியவர். கணவர் செபஸ்தியானுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரு மகள் பள்ளிக்கூடத்தில். நோய் தொடங்கி அதிக நாள் இல்லை. மெதோட்ரெக்சேட்டும், வீக்கம் அடங்குமட்டும் கொஞ்சம் ஸ்டீரொயிட் குளிசையும் கொடுத்தேன். அடுத்தமுறை நல்ல சேலை உடுத்து, தலைக்குப் பூ வைத்து வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் ஒரு பார்சலை ஏந்திக்கொண்டு வந்தார்.

"என்ன அம்மா இது?"

"ஒண்டுமில்லை டொக்டர். இடியப்பமும் சம்பலும். கொஞ்சம் மீன் சொதியும். நீங்கள் மத்தியானம் ஒழுங்காய்ச் சாப்பிடுறேல்லை எண்டு கோயிலில கதைச்சவை."

"கை எப்படி?"

"பரவாயில்லை டொக்டர். உங்கட மருந்து நல்ல மருந்து."

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதல்ல. நாங்கள் வைத்தியரைப் பார்க்கப் போவது கலியாண வீட்டுக்குப் போவது மாதிரி. தலைவாரி, நல்லது உடுத்து, முகத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டுதான் போவோம். அவருடைய மருந்து வேலை செய்யவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது அவரை அவமதிப்பது. அதுவும் அவர் தமிழராக இருந்து, நாளைக்குக் கோயிலிலும் கடையிலும் காணவேண்டியவராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டேன். வெள்ளை வெளேரென்று, நூல் நூலாக, ஒரு புழுகூட இல்லாமல் இருந்தது. சாப்பிடும்போதே எனக்கு ஓர் ஆராய்ச்சி உதித்தது.

ஆஸ்பத்திரியில் கையின் இயக்கத்தை அளக்கக் கேட்கும் கேள்விகளெல்லாம் இந்த நாட்டு ஆட்களுக்கு எழுதியவை. கத்தியால் இறைச்சி வெட்ட முடிகிறதா? குளியல் தொட்டியில் இறங்கி ஏற முடிகிறதா? கையால் பிசைந்து சாப்பிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்கிற பெண்ணிடம் இதையெல்லாம் கேட்டு என்ன பயன்? பிரிவின் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். தமிழ்ப் பெண்ணின் கை வலுவை அறிய இடியப்ப உரலைவிடச் சிறந்த கருவி இல்லை என்றேன். உரலின் படத்தைக்கூடக் கரும்பலகையில் வரைந்தேன். றெஜினாவையே உதாரணம் காட்டி, இடியப்பம் பிழிகிற கையில் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தம் என்றேன். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

லொக்ஹார்ட் மட்டும் கேட்டார்: "அவர் பிழிவதை நீ பார்த்தாயா?"

"சாப்பிட்டேனே" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வியாழக்கிழமைகள். றெஜினா வருவார், பார்சல் வரும், "பரவாயில்லை" வரும். சம்பல் உறைப்பு என்று நான் ஒருமுறை சொல்ல, அடுத்தமுறை மிளகாய் குறைந்திருக்கும். அவருடைய இரத்த அறிக்கையைவிடச் சம்பலைத்தான் நான் கவனமாகப் பின்தொடர்ந்தேன். மருந்தின் அளவை நான் கூட்டவில்லை. கை எக்ஸ்ரே வருடாவருடம் எடுக்கவேண்டும் என்பது பிரிவின் வழக்கம், அவருக்கு எடுக்கவில்லை. இன்னொன்றையும் எழுதவேண்டும். நான் அவருடன் ஒருநாளும் கைகுலுக்கவில்லை. கைகளில் பார்சல் இருந்தது. விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தித் தந்ததை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கைப்பை முழங்கை மடிப்பில் தொங்கியதை நாகரிகம் என்று எடுத்துக்கொண்டேன். பார்சலை வாங்கி மேசையில் வைத்த பிறகு, அவ்வளவு அன்பாகக் கொண்டுவந்தவரின் விரல்களைப் பிடித்து, நகம் வெளுக்க அமுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

வருடங்கள் போயின. ஒரு வியாழன் அதிகாலை, முதல்நாள் எடுத்த அவருடைய இரத்த முடிவு கிளினிக்குக்கு வந்திருந்தது. வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. வியாழக்கிழமைதான் அவர் மெதோட்ரெக்சேட் போடும் நாள். போடமுதல் நிறுத்தவேண்டும். தொலைபேசி எடுத்தேன், எடுப்பாரில்லை. வீடு இரண்டு தெரு தள்ளி. காரை எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர் செபஸ்தியான். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். முழங்கை வரை மா. என்னைக் கண்டதும் திருட்டில் பிடிபட்டவர் போல நின்றார்.

"டொக்டர்... நீங்கள் பின்னேரம் எல்லோ?"

குசினி மேசையில் இடியப்பத் தட்டுகள் வரிசையாக இருந்தன. பாதி பிழிந்தபடி உரல். நான் அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்களோ பிழியிறது?"

"வேற ஆர் டொக்டர்?" என்றார். பிறகு சமாளிக்கிற மாதிரி, "இரவு வேலையில பாண் மா, காலமையில இடியப்ப மா. எனக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றார்.

"எவ்வளவு காலமாய்?"

"துவக்கத்திலயிருந்தே. அவ பக்கத்தில இருந்து, இதில மொத்தம், அதில மெல்லிசு எண்டு சொல்லிக்கொண்டிருப்பா. என்ர கை அவவின்ர வாய்க்குப் பயந்து நல்லாய்ப் பழகிட்டுது."

றெஜினா பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். வீட்டுச் சட்டை. இரண்டு கைகளும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள். மகள் பின்னால் நின்று தாய்க்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவர் கைகளை வெளியே எடுத்துச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட அந்தக் கைகளை வைக்க இடம் தெரியாமல் தவித்தார்.

மகள்தான் பேசினாள், ஆங்கிலத்தில். "அம்மா வியாழக்கிழமைகளில் ஸ்டீரொயிட் குளிசை அஞ்சாறு கூடுதலாகப் போடுவா டொக்டர். உங்களிடம் வரும்போது கை நீளவேண்டும் என்று. மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். அடுத்த இரண்டு நாள் படுக்கையில் இருப்பா."

"நீ சும்மா இரு" என்றார் றெஜினா.

அன்று நான் அந்தக் குசினியில், அந்த ஈரக் கைகளை முதல்முறையாகப் பிடித்தேன். அடிமூட்டுகள் எல்லாம் கொழுத்து, சூடாக இருந்தன. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. மணிக்கட்டை அமுக்கினேன். என் நகம் வெளுக்கமுதலே அவர் பல்லைக் கடித்தார். வாய் மட்டும் "பரவாயில்லை டொக்டர்" என்றது.

எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் போட்டபோது லொக்ஹார்ட் என் பக்கத்தில் நின்றார். எலும்பின் ஓரங்கள் எலி கடித்தது போல இருந்தன. "பழைய படம் எங்கே?" என்றார். இல்லை என்றேன். எத்தனை வருடமாக என்று கேட்டார். சொன்னேன். கூட்டத்தில் வரைந்த உரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் புது ஊசிகள் வந்திருந்தன. உடம்பில் வீக்கத்தைக் கிளப்பிவிடுகிற சாமானையே தேடிப் பிடித்து அடைக்கும் மருந்து. விலை எங்களால் எட்ட முடியாதது. அரசாங்கம் கொடுக்கும், ஆனால் மற்ற மருந்துகள் கேட்கவில்லை, நோய் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். வீங்கிய மூட்டுகளை மூட்டுநோய் நிபுணர் எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்தத்திலும் தெரிய வேண்டும். முதலில் நான் செய்யாமல் விட்டதையெல்லாம் செய்தோம். வெள்ளணுக்கள் தேறிய பின் மற்ற மருந்துகளை முழு அளவில், சேர்த்துச் சேர்த்துப் பார்த்தோம். மாதங்கள் போயின. வீக்கம் அடங்கவில்லை. இனி ஊசிதான். அது கிடைக்காவிட்டால் மிச்சமிருக்கிற விரல்களும் போய்விடும்.

"காலமை எட்டு மணிக்கு வரவேணும்" என்று றெஜினாவிடம் சொன்னேன். "வழக்கமான குளிசையை நிப்பாட்டக்கூடாது. கூடுதலாய் ஒண்டும் போடவும் கூடாது. எழும்பின கோலத்தில வாங்கோ."

"அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு முன்னாலையோ? முடமாய்ப் போய் நிக்கிறதோ டொக்டர்?"

"ஓம். அப்பிடித்தான்."

"சட்டைத் தெறியைக்கூட இவர்தான் பூட்டவேணும்."

"பூட்டட்டும். அவருக்குத்தான் கை பழகிட்டுதே."

அவர் சிரிக்கவில்லை. வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலையில் எட்டு மணியாகியும் ஆளைக் காணவில்லை. நான் காத்திருப்புக் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பிறகு வந்தார்கள். வீட்டுச் சட்டை, அதன்மேல் செபஸ்தியானின் தொழிற்சாலைக் கம்பளிச்சட்டை, காலில் ரப்பர்ச் செருப்பு. தலை வாரியிருக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லை.

லொக்ஹார்ட் கூடத்துக்கு வந்து பெயரைச் சொன்னார். றெஜினா கணவரின் தோளைப் பிடித்து எழும்பினார். லொக்ஹார்ட் கையை நீட்டினார், றெஜினா நீட்டினார். லொக்ஹார்ட் அந்தக் கையைக் குலுக்கவில்லை. இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடியே அறைவரை நடந்தார்.

மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கி அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நடுவில் ஒரு மூட்டில் றெஜினா "ஐயோ!" என்று கத்தினார். கத்திய உடனே என்னைப் பார்த்து, "குறை நினையாதேங்கோ டொக்டர்" என்றார்.

ஊசி கிடைத்தது. சில மாதங்களில் வீக்கம் வற்றியது. றெஜினா தானே தெறி பூட்டினார், தானே தலை வாரினார், தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையால் தூக்கினார். சாய்ந்த விரல்கள் சாய்ந்தபடியேதான். வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஊசி நூலைப் பிடிக்கும் அளவுக்குச் சேரவே இல்லை. அவர் ஊரில் தையல் செய்தவர் என்பதை அப்போதுதான் சொன்னார். நான் அதுவரை கேட்டிருக்கவில்லை.

ஒருநாள் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்கவேண்டியதை ஒழுங்காகக் கேட்கத் தெரியாமல், "நீங்களும் மறைச்சுப் போட்டீங்கள், நானும் கவனிக்காமல் விட்டுட்டன்" என்று தொடங்கினேன்.

"நில்லுங்கோ டொக்டர்" என்றார். கோபமாக இல்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொன்னார். "நான் மறைச்சது எனக்கு வெக்கம், அதனால. அது என்ர பாடு. பார்க்கிறது உங்கட வேலை. ரெண்டையும் ஒரு சட்டியில போட்டுக் கிண்டாதேங்கோ."

செபஸ்தியான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பவும், இந்த முறை "நீங்களும்" இல்லாமல், மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் ஓய்வு பெற்றேன். கடைசி வியாழனில் றெஜினாவும் வந்தார். மாலை எதுவும் போடவேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அவர் கதிரையில் இருந்து, எனக்குப் பதிலாக யார் வரப்போகிறார் என்று விசாரித்தார்.

"புது டொக்டர் எங்கட ஆளோ?"

"இல்லை அம்மா. வியட்நாம் பிள்ளை. நல்ல கெட்டிக்காரி."

"தமிழ் ஒரு சொல்லும் விளங்காதோ?"

"ஒரு சொல்லும் விளங்காது" என்றேன். "ஆனால் நீங்கள் யோசிக்காதேங்கோ. மொழிபெயர்க்க ஆள் போடச் சொல்லியிருக்கிறன்."

றெஜினா தலையை ஆட்டி மறுத்தார்.

"மொழிபெயர்க்கிறவரை மறியுங்கோ டொக்டர். ஆளே வேண்டாம்" என்றார். "நோகுது எண்டு சொல்லுற அளவுக்கு எனக்கு இங்கிலிஸ் தெரியும்."